ஓடையும் பீலியும்: இணைய இதழ் தொடங்குபவர்களுக்கு ஃபீட் அமைப்பு

ஹட்டன் பஸ் நிலையத்தில் நிற்கும்வரை போனில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்யும். டிக்கோயா, நோர்வூட் தாண்டி பொகவந்தலாவைப் பக்கம் பஸ் வளைந்து வளைந்து போகத் தொடங்கியதும் சிக்னல் வரும், போகும். இறங்கித் தோட்டத்து மேல் டிவிஷனுக்கு நடந்தால், கோயில் மேட்டில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிற கதைதான். எங்கள் இதழை வாசிக்கிறவர்களில் நிறையப் பேர் இந்த வழியில் போய் வருகிறவர்கள். பஸ் நிலையத்தில் வாசிப்புச் செயலியை ஒரு தடவை திறந்து புதியதை இழுத்துக்கொள்வார்கள். அப்புறம் டேட்டாவை அணைத்துவிட்டு வீடு போய்ச் சேரும்வரை வாசிப்பார்கள். அப்படி இழுத்துக்கொள்ள வழி செய்து கொடுப்பதுதான் ஃபீட். தமிழ் இணையத்தில் அதை ஓடை என்றும் செய்தியோடை என்றும் சொல்லி வருகிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஓடை என்ற சொல்லே பாதி விளக்கம். மேலே மலையில் ஓடை, லயத்து வரிசை வீடுகளுக்குப் பக்கத்தில் தண்ணீர் கொட்டும் பீலி. யாரும் தண்ணீரை வீடு வீடாகக் கொண்டுபோய் ஊற்றுவதில்லை. வேண்டியவர் குடத்தோடு வந்து பிடித்துக்கொள்கிறார். ஃபீடும் அப்படித்தான். உங்கள் இதழ் யாருக்கும் எதையும் அனுப்புவதில்லை. கடைசியாக வந்த பதிவுகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். வாசகரின் செயலி அவ்வப்போது வந்து எட்டிப் பார்க்கிறது. புதியது இருந்தால் ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போகிறது. எடுத்துப் போனதைத் திருப்பித் தா என்று நீங்கள் கேட்க முடியாது. கீழே சொல்லும் அமைப்புகளில் பாதி இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

இதழை நாலு பேருக்குச் சொல்வதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு நாங்கள் பட்ட பாட்டையும் இடையில் சொல்கிறேன்.

முதலில் ஓடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

வேர்ட்பிரஸ் தளமென்றால் உங்கள் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு, ஃபீட் என்று ஆங்கிலத்தில் தட்டினால் போதும். ப்ளொக்கரில் ஃபீட்ஸ், போஸ்ட்ஸ், டிஃபோல்ட் என்ற மூன்று சொற்களையும் சாய்கோடு இட்டுச் சேர்க்க வேண்டும். லைவ்ஜேர்னல், ட்ரீம்விட்த் மாதிரியான தளங்களில் டேட்டா, சாய்கோடு, ஆர்எஸ்எஸ்.

உலாவியில் திறந்தால் குறிகளும் அடைப்புகளுமாக ஒரு குப்பை தெரியும், அல்லது ஒரு கோப்பு பதிவிறங்கும். பயப்பட வேண்டாம், எதுவும் உடையவில்லை. முன்பு ஃபயர்பொக்ஸ் அதை அழகாகக் காட்டியது. 2018 டிசம்பரில் வந்த 64ஆம் பதிப்போடு அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். இன்று ஃபீடை வாசிக்கத் தனிச் செயலி வேண்டும். ஃபீட்லி, இனோரீடர் இருக்கின்றன; கணினியில் தண்டர்பேர்டே போதும். பெரும்பாலான செயலிகளில் தளத்தின் முகப்பு முகவரியைப் போட்டாலே ஓடையை அவையே தேடிக்கொள்ளும்.

ஓடைக் கோப்பை எழுத இரண்டு வடிவங்கள் உண்டு. ஆர்எஸ்எஸ்ஸா, ஏட்டமா என்று சிலர் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். ஆர்எஸ்எஸ் 1999 இல் நெட்ஸ்கேப்பில் பிறந்தது, ஏட்டம் 2005 இல் தரமாக்கப்பட்டது. எந்தச் செயலியும் இரண்டையும் வாசிக்கும். உங்கள் தளம் எதைத் தருகிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று: வாசகருக்குக் கொடுக்கிற ஓடை முகவரி உங்கள் சொந்தத் தளத்தினுடையதாக இருக்கட்டும். ஒரு காலத்தில் எல்லோரும், நம் ஓடையை வாங்கித் தன் முகவரியில் விடுகிற ஃபீட்பேர்னர் சேவையின் முகவரியைக் கொடுத்தோம். 2021 இல் கூகுள் அதன் மின்னஞ்சல் சந்தாவை நிறுத்தியபோது அதை நம்பியிருந்தவர்கள் வேறு வழி தேடி ஓடினார்கள். 2013 ஜூலை 1 ஆம் திகதி கூகுள் ரீடர் என்ற வாசிப்புச் செயலி மூடப்பட்டபோதும் இதே ஓட்டம்தான். ஆனால் அன்று ஓடை நம் கையில் இருந்ததால், வாசகர்கள் வேறு செயலிக்கு மாறிக்கொண்டார்கள். பீலி மாறலாம், ஓடை நம்முடையதாக இருக்க வேண்டும்.

முழுதாக விடுவதா, சுருக்கமாக விடுவதா

வேர்ட்பிரஸில் 'செட்டிங்ஸ்' போய் 'ரீடிங்' என்பதைத் திறங்கள். ஃபீடைப் பற்றி இரண்டு வரிகள் இருக்கும். ஒன்று எண்ணிக்கை, அதற்குப் பிறகு வருகிறேன். மற்றது 'ஃபுல் டெக்ஸ்ட்' வேண்டுமா 'எக்ஸர்ப்ட்' வேண்டுமா என்று கேட்கும். முதலாவது முழுக் கட்டுரை. இரண்டாவதைத் தெரிவு செய்து, நீங்களாகச் சுருக்கம் எதுவும் எழுதாமல் விட்டால், முதல் 55 சொற்களை வெட்டிக் கொடுத்துவிடும். ப்ளொக்கரில் இதே கேள்வி 'சைட் ஃபீட்' பகுதியில் வரும்.

தளத்துக்கு ஆள் வர வேண்டும், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று தெரிய வேண்டும், அதனால் சுருக்கமே நல்லது என்று சொல்வார்கள். விளம்பரத்தில் ஓடுகிற தளத்துக்கு அது சரி. நம்மைப் போன்ற சிறு இதழுக்கு முழுதாக விடுங்கள் என்பேன். காரணம் கணக்கில் இருக்கிறது. யூனிகோடில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். ஒரு சொல்லுக்கு எட்டு ஒன்பது குறி என்று வைத்தாலும் 1000 சொல் கட்டுரை 30 கிலோபைட்டைத் தாண்டாது. போனில் எடுத்த ஒரு படம் சாதாரணமாக 3 மெகாபைட். அதாவது ஒரு படத்துக்குப் போகிற டேட்டாவில் நூறு கட்டுரை வாசிக்கலாம். 55 சொல்லை மட்டும் கொடுத்தால், பஸ்ஸில் சிக்னல் இல்லாத இடத்தில் உட்கார்ந்திருக்கிறவர் 'தொடர்ந்து வாசிக்க' என்ற வரியைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு போனைப் பைக்குள் போட்டுவிடுவார்.

அதனால் எழுத்து முழுதாகப் போகட்டும், படத்தில் சிக்கனம் பிடியுங்கள். ஏற்றுவதற்கு முன் அகலத்தை 1000 பிக்சலுக்குள் சுருக்குங்கள். ஒரு பதிவுக்கு ஒரு படம் போதும். படத்துக்கான மாற்றுரையை வெறுமனே விடாதீர்கள்; படம் இறங்காத இடத்தில் அந்த வரிதான் படம்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை. விலை குறைந்த பழைய போன் ஒன்றில் செயலியைப் போட்டு, உங்கள் ஓடையைச் சேர்த்து, புதுப்பியுங்கள். பிறகு விமானப் பயன்முறையை இட்டுவிட்டுக் கட்டுரையைத் திறங்கள். கடைசி வரி வரை வந்தால் சரி.

எத்தனை பதிவு நிற்க வேண்டும்

வேர்ட்பிரஸ் ஓடையில் கடைசி 10 பதிவுகள் நிற்கும். ப்ளொக்கரில் 25. பதினோராவது வந்தால் பழையது ஒன்று கீழே விழும். வாரத்துக்கு இரண்டு பதிவு போடுகிறவருக்கு 10 தாராளம். ஆனால் இதழ் என்றால் நாம் மொத்தமாகத்தானே வெளியிடுவோம்? அங்கேதான் சிக்கல்.

எங்கள் மே தின இதழில் 17 ஆக்கங்கள். இரவு ஒன்பது மணிக்கு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்கும்போது பன்னிரண்டரை. மறுநாள் மாலை ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் அழைத்தார். காமன் கூத்துப் பாட்டுகளைப் பற்றி எழுதியவர், முதலாவதாகப் போட்டதே அவருடையதைத்தான்.

"ஏன் தம்பி, நம்மள எடுத்துட்டீங்களா?"

"இல்லையே சேர், போட்டிருக்கேனே."

"என் மகன் போன்ல பத்துதான் இருக்குன்னு சொல்றான். அதுல நான் இல்லையே."

அவர் சொன்னது சரி. மகனின் செயலி காலையில் வந்து பார்த்திருக்கிறது. ஓடையில் அப்போது நின்றது கடைசியாகப் போட்ட பத்து. முதல் ஏழும் இரவிலேயே விழுந்துவிட்டன. தளத்தில் எல்லாம் இருக்கிறது, ஓடையில் இல்லை. மரியாதைக்காக முதலாவதாகப் போட்டதுதான் அவருக்கு வினையாகிவிட்டது.

ஆகவே எண்ணிக்கையை உங்கள் மிகப் பெரிய இதழின் அளவைவிடக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். நாங்கள் 25 வைத்திருக்கிறோம். நூறு, இருநூறு என்று ஏற்றாதீர்கள்; செயலி ஒவ்வொரு தடவையும் முழுக் கோப்பையும் இறக்க வேண்டி வந்தால் வாசகரின் டேட்டாதான் கரையும். இன்னொரு வழி, நாளுக்கு மூன்று என்று நேரம் குறித்துப் பிரித்து விடுவது. எனக்கு இப்போது இதுதான் பிடிக்கிறது. மொத்தமாக வந்தால் வாசகரும் திணறிப் போகிறார்.

நேரம் குறித்து விடுவதானால் 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' போய் நேர வலயத்தைக் கொழும்பு என்று மாற்றுங்கள். புதிதாக நிறுவிய தளம் பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் நிற்கும். காலை 6 மணிக்கு என்று குறித்தது பகல் 11.30க்குத்தான் வெளிவரும். ஐந்தரை என்று எண்ணைப் போடாமல் ஊர்ப் பெயரையே தெரிவு செய்வது நல்லது. 1996 இல் நம் நாட்டுக் கடிகாரத்தை முன்னே தள்ளி, 2006 இல் திரும்ப இழுத்தது நினைவிருக்கும். அப்படி ஏதும் மறுபடி நடந்தால் ஊர்ப் பெயர் வைத்திருப்பவருக்கு மென்பொருளே பார்த்துக்கொள்ளும்.

பாமினியும் நீளமான முகவரியும்

நம் பக்கத்தில் அச்சு வேலை பழகியவர்கள் இன்னும் பாமினியில்தான் தட்டுவார்கள். பிழையில்லை, கை பழகிவிட்டது. ஆனால் பாமினி என்பது ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ்ச் சட்டை போட்ட எழுத்துரு. தளத்தில் அந்த எழுத்துருவை ஏற்றி வைத்தால் அங்கே தமிழாகத் தெரியும். ஓடை சட்டையைக் கொண்டுபோகாது, உள்ளே இருப்பதை மட்டும்தான் கொண்டுபோகும். 'தமிழ்' என்று நீங்கள் தட்டிய சொல் வாசகரின் செயலியில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று வந்து நிற்கும். வருகிற ஆக்கம் எதுவானாலும் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மாற்றிய பிறகு ஒரு தடவை கண்ணால் வாசியுங்கள். மாற்றிகளில் கொம்பும் காலும் சில இடங்களில் இடம் மாறி விழும்.

அப்புறம் முகவரி. பதிவின் தலைப்பைத் தமிழில் வைத்தால் வேர்ட்பிரஸ் முகவரியையும் தமிழிலேயே அமைக்கும். பார்க்க அழகுதான். ஆனால் அதை நகலெடுத்து வட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், சதவீதக் குறிகளும் எண்களுமாக ஒரு முழம் நீளும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் 9 இடம் பிடிக்கிறது. 'கவிதை' என்ற மூன்றெழுத்துச் சொல்லில் க, வ, இகரக் கொம்பு, த, ஐகாரக் கொம்பு என்று ஐந்து குறி, அதற்கே 45 இடம். முகவரிப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200. ஆக 22 குறிக்கு மேல் போனால் தலைப்பு நடுவில் அறுந்துவிடும். முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கொடுங்கள், தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும்.

பிரிவுகளுக்கும் இதே விதிதான். வேர்ட்பிரஸில் ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஓடை தானாகவே உண்டு. பிரிவின் முகவரிக்குப் பின்னால் அதே ஃபீட் சொல்லைச் சேர்த்தால் போதும். கவிதை மட்டும் வேண்டும் என்கிறவருக்கு அதைக் கொடுங்கள். நாற்பது பிரிவு வைக்காதீர்கள், ஐந்தாறு போதும்.

பூட்டியதும் பூட்டாததும்

இதை நிதானமாக வாசியுங்கள்.

பொதுவாக ஓடையில் வருவது எல்லோருக்கும் திறந்த பதிவுகள் மட்டுமே. வரைவு வராது, தனிப்பட்டது என்று குறித்ததும் வராது. லைவ்ஜேர்னல், ட்ரீம்விட்த் தளங்களில் நண்பர்களுக்கு மட்டும் என்று பூட்டியது பொது ஓடையில் தெரியாது. வேர்ட்பிரஸில் கடவுச்சொல் போட்ட பதிவு மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி: உள்ளடக்கம் மறைந்திருக்கும், தலைப்பு வெளியே தெரியும். 'இன்னாருடைய வாக்குமூலம்' என்று தலைப்பு வைத்துவிட்டு உள்ளே பூட்டுப் போட்டு என்ன பயன்? தலைப்பில் பெயர் வேண்டாம்.

பூட்டிய பதிவுகளையும் வாசிக்க, சில தளங்களில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து ஓடையை எடுக்க வழி இருக்கிறது. உங்கள் சொந்தக் கணினியில் இருக்கிற செயலி என்றால் பரவாயில்லை. இணையத்தில் இயங்கும் வாசிப்புச் சேவைக்கு அந்தக் கடவுச்சொல்லைக் கொடுத்தால், பூட்டிய எழுத்தின் பிரதி மூன்றாமவர் கணினியில் போய் உட்காரும். அதைச் செய்யாதீர்கள்.

எங்களுக்கு நடந்தது வேறு. தேயிலைக் கொழுந்து எடுக்கிற ஓர் அக்கா, நிறுவையில் கிலோ கழிப்பதைப் பற்றி மனம்விட்டுப் பேசினார். பெயரும் தோட்டமும் வராது என்று வாக்குக் கொடுத்திருந்தோம். பெயரை எடுத்த பிரதி ஒன்று, எடுக்காத பிரதி ஒன்று. இரவில் நான் ஏற்றியது எடுக்காததை. இருபது நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டோம். கை நடுங்க உடனே பதிவை அழித்தேன். அழித்ததுதான் இரண்டாவது பிழை.

பதிவை அழித்தால் ஓடையிலிருந்து அது மறையும், ஆனால் ஏற்கெனவே பிரதி எடுத்த செயலிக்கு அது அழிந்த செய்தியே போகாது. பழைய பிரதி, பெயரோடு, அப்படியே இருக்கும். அழிக்காமல் திருத்தியிருந்தால் கதை வேறு. ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் ஒரு மாறாத அடையாள எண் உண்டு. அதே எண்ணோடு திருத்திய வடிவம் வந்தால், பல செயலிகள் பழையதன் மேல் புதியதை எழுதிவிடும். எல்லாச் செயலியும் அல்ல, ஆனாலும் பல. ஆகவே வெளிவரக்கூடாதது வெளிவந்துவிட்டால் வரிசை இது: முதலில் அதே பதிவைத் திறந்து உள்ளடக்கத்தைத் திருத்துங்கள், அல்லது ஒரே ஒரு வரியாக மாற்றுங்கள். ஓரிரு நாள் அப்படியே நிற்கட்டும். பிறகு வேண்டுமானால் அழியுங்கள். உங்கள் ஓடையை எடுத்துப் போடுகிற திரட்டித் தளங்களுக்கு அதே இரவில் எழுதி, நீக்கச் சொல்லுங்கள்.

அந்த அக்காவிடம் அடுத்த ஞாயிறு போய்ச் சொன்னோம். "சரி விடுங்க தம்பி" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை. அதன் பிறகு பேட்டி எதையும் நான் மட்டும் ஏற்றுவதில்லை. ஒருவர் வரைவில் வைப்பார், இன்னொருவர் முன்தோற்றத்தில் முழுதும் வாசித்து வெளியிடுவார்.

சாதாரண எழுத்துப் பிழைக்கும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடும் பழக்கம் சிலருக்கு உண்டு. புதிய பதிவுக்குப் புதிய அடையாள எண், வாசகருக்கு அதே கட்டுரை இரண்டு தடவை போகும். அங்கேயும் திருத்துவதே சரி.

குழுமம் நடத்துகிறவர்களுக்கு

ட்ரீம்விட்த் போன்ற இடத்தில் பலர் சேர்ந்து எழுதும் குழுமம் நடத்தினால், அதன் ஓடை அமைப்பு உங்கள் சொந்தக் கணக்கின் அமைப்பிலிருந்து தனி. அமைப்புப் பக்கத்தின் மேலே எந்தக் கணக்காக வேலை செய்கிறீர்கள் என்று கேட்கும் பெட்டியில் குழுமத்தைத் தெரிவு செய்த பிறகே மாற்றுங்கள். நிர்வாகியாக இருப்பவருக்குத்தான் அது தெரியும். இதைக் கவனிக்காமல் தன் சொந்த நாட்குறிப்பின் ஓடையை மாற்றிவிட்டு, குழுமத்தில் ஒன்றும் மாறவில்லையே என்று தேடுகிறவர்கள் அதிகம். அங்கே தலைப்பு மட்டும், சுருக்கம், முழுது என்று தெரிவுகள் இருக்கும். பலருடைய எழுத்து போகிற இடம் என்பதால், இங்கே மட்டும் நான் சுருக்கத்தின் பக்கம். முழுதாக விடுவதானால் எல்லோரிடமும் கேட்டுவிட்டு விடுங்கள்.

மறுபக்கம், மற்றவர்களின் ஓடைகளை உங்கள் பக்கத்தில் திரட்டிக் காட்டுவது. 2004 இல் வந்த தமிழ்மணம் காலத்திலிருந்து தமிழில் இது பழகிய வேலை. எழுதியவரின் பெயர், தலைப்பு, இரண்டு வரி, மூலப் பதிவுக்கு இணைப்பு, இவ்வளவு போதும். முழுக் கட்டுரையையும் இழுத்துப் போட்டால் அது திரட்டுவதில்லை, கொழுந்தைப் பக்கத்து நிரையில் புகுந்து எடுக்கிற மாதிரி. சேர்ப்பதற்கு முன் ஒரு வரி எழுதிக் கேளுங்கள். மறுப்பவர்கள் மிகக் குறைவு.

கடைசி வேலை, சரிபார்ப்பு. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் ஃபீட் சரிபார்க்கும் பக்கத்தில் உங்கள் முகவரியைக் கொடுங்கள். மஞ்சள் எச்சரிக்கைகளை இப்போதைக்கு விடலாம். முதல் வரியிலேயே பிழை என்று சொன்னால், பெரும்பாலும் கோப்பின் தொடக்கத்தில் ஒரு வெற்று வரி புகுந்திருக்கும். தளத்தின் தோற்ற அமைப்புக் கோப்புகளில் யாராவது கைவைத்தபோது தவறி ஒரு 'என்டர்' தட்டியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆனது, எடுக்க ஒரு நொடி.

திரட்டிக் காட்டும் பக்கத்தில் புதிய பதிவு உடனே தெரியவில்லை என்றால் எதையும் தோண்டத் தொடங்காதீர்கள். வேர்ட்பிரஸ் வெளி ஓடையை ஒரு தடவை எடுத்தால் 12 மணித்தியாலம் அதையே வைத்துக் காட்டும். மறுநாள் காலை தேத்தண்ணியோடு உட்கார்ந்து பாருங்கள், வந்திருக்கும்.